தொலைக்காட்சிக்குப் பேச அனுமதி இல்லை

ரோஸ்வாரா முதியோர் இல்லம், யோஸோ மாடிச் என்கிற எழுபத்தொன்பது வயதுக் கிழவரைத் தொலைக்காட்சிப் பெட்டி என்று முடிவு செய்தது ஒரு மார்ச் மாத வியாழக்கிழமை, பகல் இரண்டு மணி மூன்று நிமிடத்துக்கு. அதற்கு முன்னால் அவர் மனிதராகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் அதற்கான ஆதாரம் இல்லத்தின் பதிவில் எங்கும் கிடையாது.

ஊராருக்கு ஜோ என்றால்தான் தெரியும் யோஸோவை; ஆஸ்திரேலியாவின் கூபர் பீடியில் ஐம்பத்தைந்து வருஷம் ஓப்பல் கல் தோண்டியவர். பத்தொன்பது வயதில் குரோஷியாவிலிருந்து கப்பலேறி வந்தார். தோண்டிய கல்லில் முக்கால்வாசி ஒன்றுக்கும் ஆகாதது. மீதிக் கால்வாசியில் ஒரு லாரியும், குன்றைக் குடைந்து செய்த வீடும், டோரீன் என்கிற பெண்டாட்டியும் வந்தார்கள். லாரி துருப்பிடித்துப் போயிற்று. வீடு இருக்கிறது. டோரீனுக்கு ஜனவரி மாதம் பக்கவாதம் வந்து வலது கை விழுந்தது, ஞாபகத்திலும் அங்கங்கே பொத்தல் விழுந்தது. அவளுக்குப் படுக்கை கிடைத்தது எண்ணூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி அடிலெய்டில், ரோஸ்வாராவில்.

கிழவரின் காலில் ரத்தம் கட்டியிருந்தது. பஸ் கூடாது, விமானம் கூடாது, ஒரு மணி நேரத்துக்கு மேல் எதிலும் உட்கார்ந்து போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்னொன்றும் சொன்னார்.

“வாரம் ஒரு தடவையாவது உன் மூஞ்சியக் காட்டு, ஜோ. கூடவே பேச்சுக் குடு. வெறும் போன் வேண்டாம். ஆள் தெரியாம குரல் மட்டும் வந்தா அவ மிரண்டு போறா, போனத் தூக்கி எறியறா. மூஞ்சியும் குரலும் சேந்து வரணும். இல்லேன்னா கொஞ்சம் கொஞ்சமா உன்ன மறந்துருவா.”

“எவ்வளவு நாள்ல?”

“ஆறு மாசம் தாங்கினா பெருசு.”

அதனால்தான் அவர் தொலைக்காட்சி வாங்கினார். இணையம் ஓடுகிற பெரிய தொலைக்காட்சி. குன்றுக்குள் கைப்பேசிக் கோபுரத்தின் அலை எட்டாது. ஊர் மன்ற அலுவலகத்தில் வேலை பார்க்கும் லூர்தெஸ் என்கிற பிலிப்பைன்ஸ்காரி வந்து, வீட்டின் காற்றுக்குழாய் வழியாகக் கம்பி இறக்கி, பெட்டியின் நெற்றியில் ஒரு கேமராவைப் பொருத்தி, ரோஸ்வாராவின் வருகையாளர் பக்கத்தில் பதிவும் செய்து கொடுத்தாள். கிழவர் முகச்சவரம் செய்தார். கல்யாணச் சட்டைக்கு இப்போது பொத்தான் எட்டாது; ஆனாலும் அதையே போட்டார்.

இரண்டு மணிக்கு டோரீன் திரையில் வந்தாள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். யாரோ தலைவாரி விட்டிருந்தார்கள், வகிடு தப்பான பக்கம்.

“டோரீன்! ஏய்! இங்க பாரு!”

டோரீன் பார்க்கவில்லை. கிழவர் கத்தினார். கையை ஆட்டினார். எழுந்து நின்று, ஊன்றுகோலால் தொலைக்காட்சியின் விளிம்பைத் தட்டினார். திரையின் அடியில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி ஓடியது. லூர்தெஸ் வாசித்தாள்: “கருவி: தொலைக்காட்சி. பார்க்க அனுமதி உண்டு. பேசவும் தோன்றவும் அனுமதி இல்லை.”

அந்தப் பக்கத்தில் சேலா என்கிற டோங்காத் தீவுக்காரப் பணிப்பெண் டோரீனின் நாற்காலியைத் திரைக்கு நேராகத் திருப்பினாள்.

“டோரீன், உங்களப் பாக்க வந்திருக்காங்க.”

“யாரு?”

சேலா குனிந்து பார்த்தாள். அவள் முன்னால் இருந்த திரையில் ஒரு சாம்பல் நிறப் பெட்டிப் படம்தான் இருந்திருக்க வேண்டும். “தொலைக்காட்சின்னு போட்டிருக்கு.”

“டிவியா?” டோரீன் கொஞ்ச நேரம் யோசித்தாள். “நான் டிவியப் பாத்தது போய் டிவி என்னப் பாக்க வருதா? சரி, உக்காரச் சொல்லு. என் வீட்டுக்காரன் வரலையா? யோஸோன்னு பேரு. கத்திக்கிட்டே வருவான், உனக்கே தெரியும்.”

“அந்தப் பேர்ல யாரும் வரலையே.”

கத்திக்கொண்டிருந்த கிழவர் நிறுத்தினார்.

மறுநாள் காலை இல்லத்துக்குப் போன் போட்டார். அந்த இல்லத்துக்கு யார் எதற்குப் போன் போட்டாலும் அது கருவி அடையாளப் பிரிவுக்குத்தான் போகும். பிரிவின் தலைவி லிண்டல் கேரிக். அதிர்ந்து பேசாத அம்மாள். பல்லுக்கு மருந்து தடவுகிற குரல்.

“உங்க மேல எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல, யோஸோ. நீங்க பேசறது தெளிவாக் கேக்குது. மனுஷக் குரல் மாதிரியே இருக்கு.”

“மனுஷக் குரல்தான்.”

“இருக்கலாம். ஆனா அத முடிவு பண்றது நான் இல்ல. எங்க வாசலுக்கு வர்ற ஒவ்வொரு கருவியும் தான் யாருன்னு ஒரு வரி சொல்லும். அடையாள வரின்னு பேரு. கேக்காமலே சொல்லும். அந்த வரிய நாங்க அப்படியே நம்பிடறோம். முன்னாடில்லாம் வாசல்ல ஒரு ஆள் நின்னு, வர்றவங்க முகத்தப் பாத்து உள்ள விடுவாரு. அதுல எத்தன தப்பு! சிரிச்சா விட்டுருவாரு. அழுதாலும் விட்டுருவாரு. இப்ப அந்தத் தப்பே நடக்கறதில்ல. நாங்க யார் முகத்தையும் பாக்கறதே இல்ல.”

“என் பொண்டாட்டி பாக்கணுமே அம்மா.”

“கண்டிப்பா. அவங்களோட கண்ணியம்தான் எங்களுக்கு முக்கியம். அதனாலதான் தொலைக்காட்சிங்க அவங்ககிட்ட பேசக் கூடாதுன்னு வெச்சிருக்கோம். தொலைக்காட்சி வயசானவங்களக் குழப்பிடும். ஆராய்ச்சி இருக்கு.” காகிதம் புரளும் சத்தம். “இன்னொரு விஷயம். நீங்க நேத்து ஆறு பேரா வந்திருக்கீங்க.”

“என்னது?”

“உங்க வரிய வாசிக்கறேன். மொஸில்லா. லினக்ஸ். வெப்கிட். கெக்கோ. குரோம். சஃபாரி. ஆறு பேர். இதுல கெக்கோன்னு நேராச் சொல்லல, ‘கெக்கோ மாதிரி’ன்னு இருக்கு. மாதிரின்னா என்ன அர்த்தம் யோஸோ? ஆள்மாறாட்டமா?”

“எனக்கு அவன எவனையும் தெரியாது. வீட்ல நான் ஒண்டி ஆளு.”

“தெரியாதவங்களக் கூட்டிட்டு வந்தது இன்னும் மோசம். பரவாயில்ல, நாங்க யாரையும் வெளிய தள்ள மாட்டோம். ஒரு மணி நேரத்த ஆறு பேருக்கும் சமமாப் பிரிச்சுடறோம். உங்களுக்குப் பத்து நிமிஷம் வரும்.”

கிழவர் ரிசீவரை வைத்தார். தோண்டப் போன இடத்தில் கல் வராவிட்டால் பாறையைத் திட்டலாம். இங்கே திட்டுவதற்கு ஒரு பொருள் கையில் அகப்படவில்லை.

லூர்தெஸ் தன் கைப்பேசியைக் கொண்டுவந்து கிழவரின் வீட்டுக் கம்பியில் இணைத்து முயன்று பார்த்தாள். ‘இந்த வீட்டிலிருந்து ஒரு தொலைக்காட்சி ஏற்கெனவே வருகையாளராக உள்ளது. ஒரு வீட்டுக்கு ஒரு வருகையாளர்’ என்று பதில் வந்தது. ஆறு பேராக வந்த ஒரே தொலைக்காட்சியை ஒரு வருகையாளராகவும் எண்ண அவர்களால் முடிந்தது. கணக்கு அவர்களுடையது. ஊர் மன்ற அலுவலகத்திலிருந்து முயன்றபோது, பதிவு செய்த வீட்டிலிருந்து மட்டுமே வரலாம் என்று வந்தது.

“அந்த ஆறு பேர் யாரு லூர்து?”

லூர்தெஸ் சிரித்தாள். “அது ஒரு பழைய பொய், ஜோ. இணையம் வந்த புதுசுல மொஸில்லான்னு ஒரு பிரவுசர் வந்துச்சு. நல்ல பக்கத்தையெல்லாம் அதுக்கு மட்டும் காட்டுவாங்க, மத்ததுக்குக் கதவ சாத்திருவாங்க. அடுத்தது வந்துச்சு பாரு, அது என்ன பண்ணிச்சு? நானும் மொஸில்லாதான்னு சொல்லி உள்ள போச்சு. அதுக்கு அடுத்தது, நான் மொஸில்லா, கெக்கோ மாதிரின்னு சொல்லிச்சு. அதுக்கு அடுத்தது இவங்க எல்லார் பேரையும் சேத்துச் சொல்லிச்சு. இன்னிக்கு உலகத்துல இருக்கிற எல்லா மெஷினும் வாசல்ல நின்னு அடுத்தவன் பேரத்தான் சொல்லுது. நிஜ மொஸில்லா எப்பவோ செத்தாச்சு.”

“செத்தவன் பேர்ல எல்லாரும் உள்ள போறான்.”

“ஆமா.”

“அது அந்தம்மாவுக்குத் தெரியாதா?”

“கம்ப்யூட்டர் படிச்ச எல்லாருக்கும் தெரியும். ஆனா வாசல்ல ஒண்ணு கேட்டுத்தானே ஆகணும்?”

கிழவர் எழுந்து போய்த் தேநீருக்குத் தண்ணீர் வைத்தார். கூபர் பீடியில் ஒருவன் நிலத்தைத் தோண்ட வேண்டுமானால் நாலு மூலையிலும் முளை அடித்துத் தன் பேரை எழுத வேண்டும். அடுத்தவன் பேரில் முளை அடித்தவனோடு யாரும் சேர்ந்து குடிக்க மாட்டார்கள். ஐம்பத்தைந்து வருஷத்தில் யோஸோ அடித்த முளை ஒவ்வொன்றிலும் அவர் பேர்தான் இருந்தது. வெறும் மண் வந்த இடத்திலும் அவர் பேர்தான்.

“இந்த வரிய மாத்த முடியுமா?”

“ரெண்டு நிமிஷ வேல. புது கைப்பேசின்னு சொல்ல வெச்சுடறேன். கதவு தானாத் தொறக்கும்.”

“பொய் வேண்டாம். நிஜத்தப் போடு.”

“ஜோ...”

“நான் யாருன்னு எனக்குத் தெரியாதா? எழுது. யோஸோ மாடிச். மனுஷன். டோரீன் புருஷன். அவ்வளவுதான்.”

லூர்தெஸ் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அப்படியே எழுதினாள். அடுத்த வியாழன் இரண்டு மணிக்கு அந்தத் தொலைக்காட்சி ரோஸ்வாராவின் வாசலில் நின்று, தான் யோஸோ மாடிச், மனுஷன், டோரீன் புருஷன் என்று சொன்னது. உலகத்தில் அன்றைக்கு எந்த வாசலிலும் அவ்வளவு உண்மையான வரி சொல்லப்பட்டிருக்காது. ஒரு நொடியில் திரை கறுத்தது. ‘அடையாளம் தெரியாத கருவி. தாக்குதல் முயற்சி என ஐயம். நான்கு வாரங்களுக்குத் தடை.’

நான்கு வியாழக்கிழமைகள் கிழவர் கறுத்த திரையின் முன்னால் இரண்டு மணிக்கு உட்கார்ந்து, இரண்டு பத்துக்கு எழுந்தார்.

தடை நீங்கியபோது மே மாதம். பழைய வரியே போதும் என்று சொல்லிவிட்டார். பார்க்கவாவது விடுகிறார்களே. லிண்டல் கேரிக் மேல்முறையீட்டுக்கு வழி இருக்கிறது என்று சொல்லியிருந்தார். அது வருகிறவரை கிழவர் தொலைக்காட்சியாகவே இருந்துகொள்வது என்று ஒத்துக்கொண்டார்.

டோரீன் இளைத்திருந்தாள். திரையில் சாம்பல் பெட்டியைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

“வந்துட்டியா செல்லம்! எங்க போயிருந்த ஒரு மாசமா? ரிப்பேரா?”

செல்லம். நாற்பத்தெட்டு வருஷத்தில் கிழட்டு ஆடு, கல்லுளிமங்கன், பாறைத் தலையன் என்று எத்தனையோ பேர் வைத்திருக்கிறாள். செல்லம் என்று அவரை அழைத்ததில்லை.

“அவன் இன்னும் வரல,” என்றாள் டோரீன். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “யாரையாவது புடிச்சுட்டானோன்னு பாத்தேன். எவ வருவா அவன்கிட்ட? நாலு நாள் குளிக்காம குழிக்குள்ள கெடப்பான். வெளிய வந்தா கண்ணு மட்டும்தான் தெரியும். இல்ல, வேற எதுவும் இல்ல. செத்துட்டான்னு நெனைக்கறேன். இவங்க எங்கிட்ட சொல்ல பயப்படறாங்க.”

“சாகலடி,” என்றார் கிழவர் தன் வீட்டுக்குள். “உயிரோடதான் இருக்கேன். ஒழுங்காச் சாப்பிடு.”

அடுத்தடுத்த வாரங்களில் அவள் நிறையப் பேசினாள். குறுக்கே பேசாத ஆள் கிடைத்தால் யார்தான் பேச மாட்டார்கள். பத்து நிமிடத்துக்குள் அள்ளிக் கொட்டினாள். சேலா நல்ல பெண், ஆனால் தேநீரில் சர்க்கரை போட மாட்டேன் என்கிறாள். பக்கத்து அறைக்காரி பாட்டுப் பாடிக் கழுத்தறுக்கிறாள். ஒரு நாள் கதவைப் பார்த்துவிட்டு, திரைக்குக் கிட்டே வந்தாள்.

“உன்கிட்ட ஒண்ணு சொல்றேன் செல்லம். யாருகிட்டயும் சொல்லாத. கல்யாணம் ஆன மொத வருஷம், நான் ஓடிப் போயிட்டேன். நிஜமாத்தான். அவன் குழிக்குப் போனதும் பெட்டியத் தூக்கிட்டு பஸ் ஏறிட்டேன். எங்க பாத்தாலும் மண்ணு, ஈ, அவன் சப்பாத்து. போதும்னு ஆயிடுச்சு. க்ளெண்டாம்போ வரைக்கும் போயிட்டேன். அங்க எறங்கி கறி அடைச்ச மீட் பை ஒண்ணு தின்னேன். ராத்திரி அங்கயே தங்கினேன். மறுநாள் எதிர் பஸ்ஸப் புடிச்சு வந்துட்டேன். எங்க போனேன்னு கேட்டான். ரொட்டி வாங்கப் போனேன்னேன். நம்பிட்டான், மடையன்.” அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு வலது பக்கம் ஏறவில்லை. “ஏன் திரும்பி வந்தேன் தெரியுமா? அந்த எடத்துல உக்காந்து யோசிச்சேன் பாரு, அவன் காலைல...”

திரை கறுத்தது. பத்து நிமிடம் முடிந்துவிட்டது. மிச்ச நேரம் மொஸில்லாவுக்கும் லினக்ஸுக்கும் மற்றவர்களுக்கும் ஒதுக்கப்பட்டிருந்தது.

“எனக்குத் தெரியும் லூர்து,” என்றார் கிழவர். அன்று வந்திருந்த லூர்தெஸ் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “ரொட்டி வாங்க ரெண்டு நாளா ஆகும்? பஸ் டிக்கெட்ட அவ பைல பாத்தேன். நான் கேக்கல. கேட்டா மறுபடி போயிருவாளோன்னு கேக்கல. இவ்வளவு வருஷம் கேக்கல.”

அடுத்த வியாழன் அவர் ஒன்றரை மணிக்கே உட்கார்ந்துவிட்டார். டோரீன் அதைப் பற்றிப் பேசவில்லை. பக்கத்து அறைக்காரியின் பாட்டைப் பற்றிப் பேசினாள். அதற்கடுத்த வியாழன் க்ளெண்டாம்போ என்ற ஊர் அவளிடமிருந்து போய்விட்டிருந்தது.

மேல்முறையீட்டு விசாரணை ஜூலையில் நடந்தது. கிழவர் கைப்பட எழுதிய கடிதத்தை முன்பே திருப்பி அனுப்பியிருந்தார்கள். கையெழுத்துக்கு அடையாள வரி இல்லை என்று. விசாரணை திரை வழியாகத்தான். கிழவர் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தார். மூன்று பேர் வந்தார்கள். நடுவில் இருந்தவர் தொண்டையைச் செருமினார்.

“மேல்முறையீடு செஞ்சிருக்கறது ஒரு தொலைக்காட்சி. வந்திருக்கா?”

“வந்திருக்கு ஐயா,” என்றார் லிண்டல் கேரிக். “இணைஞ்சிருக்கு.”

“நான் தொலைக்காட்சி இல்ல!” என்று கிழவர் கத்தினார். திரையின் அடியில் சிவப்பு வரி ஓடியது.

“தன் தரப்ப எடுத்துச் சொல்ல அதுக்கு முழு வாய்ப்பு தர்றோம்,” என்றார் நடுவர். மூவரும் ஒரு நிமிடம் மரியாதையாகக் காத்திருந்தார்கள். கிழவர் அந்த ஒரு நிமிடத்தில் சொல்ல வேண்டியது அத்தனையும் சொன்னார். பக்கவாதம், ரத்தக்கட்டி, டாக்டர் சொன்ன ஆறு மாதம், கல்யாணச் சட்டை. ஊன்றுகோலை ஓங்கினார். கடைசியில் தயவு செய்து என்றுகூடச் சொன்னார். டோரீன் கேட்டிருந்தால் அவர் வாயில் அந்தச் சொல் வந்ததை நம்பியிருக்க மாட்டாள்.

“எதுவும் சொல்லல,” என்றார் நடுவர். “எழுதிக்கங்க. சொல்ல எதுவும் இல்லன்னு மௌனமா ஒத்துக்கிச்சு. இந்த நிதானம் மனுஷங்ககிட்ட வராது. என் பன்னெண்டு வருஷ அனுபவத்துல, மேல்முறையீட்டுக்கு வர்ற மனுஷங்க எப்பவும் அழுவாங்க, இல்ல கத்துவாங்க. எங்களால தீர்ப்புல கவனம் செலுத்த முடியாது. இந்த முறை வந்ததுக்கப்புறம் விசாரணை எவ்வளவு அமைதியா நடக்குது பாருங்க.”

இருந்தாலும் இல்லம் கருணையோடு நடந்துகொள்ள விரும்பியது. நேரில் சரிபார்க்க ஓர் அதிகாரியை அனுப்ப உத்தரவானது.

செப்டம்பரில் அதிகாரி வந்தார். அடிலெய்டிலிருந்து விமானத்தில் எண்ணூற்றைம்பது கிலோமீட்டர். பேர் கல்லம் விட்டேக்கர். கழுத்தில் அட்டை, கையில் ஒரு சின்னக் கருவி. குன்றுக்குள் இறங்கியதும், “ஆஹா, என்ன குளிர்ச்சி!” என்றார். கிழவர் அவருக்காகச் சூடாக்கி வைத்திருந்த மீட் பையை ரசித்துத் தின்றார். பிறகு தொலைக்காட்சியைச் சுற்றி வந்தார். பின்பக்கம் எழுதியிருந்ததைப் படித்தார். தன் கருவியை அதன்மேல் வைத்தார். அது ஒரு தடவை கூவியது.

“சந்தேகமே இல்ல,” என்றார். “இது தொலைக்காட்சிதான்.”

“ஆமாய்யா, அது தொலைக்காட்சி. நான்?”

கல்லம் விட்டேக்கர் முதல் தடவையாக அவரை நேராகப் பார்த்தார். நல்ல பையன்தான்; கொஞ்சம் சங்கடப்பட்டான்.

“நான் கருவிப் பிரிவு, ஜோ. மனுஷங்களச் சரிபாக்கறது வேற பிரிவு.”

“அவங்கள அனுப்பு.”

“அத போன வருஷம் மூடிட்டாங்க. வேலை இல்லன்னு.”

“சரி. உன் ஆபீஸ் எங்க இருக்கு?”

“ரோஸ்வாராவுலயேதான். மொத மாடி.”

“அவ ரூம்?”

“கீழ் மாடியா இருக்கும்.”

“இன்னிக்கே திரும்பிப் போறியா?”

“நாலு மணி விமானம்.”

கிழவர் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “எனக்கு ஒரே ஒரு உதவி பண்ணு தம்பி. மாடி ஏறதுக்கு முன்னாடி அவ கதவத் தட்டு. ஜோ உயிரோட இருக்கான், வியாழக்கிழம வர்றது அவன்தான்னு சொல்லு. வேற ஒண்ணும் வேண்டாம்.”

விட்டேக்கர் தன் அட்டையைத் தொட்டுப் பார்த்தார். “சேதி எடுத்துட்டுப் போறது கருவியோட வேலை. என் அட்டைல அந்த அனுமதி இல்ல. எனக்கு ரெண்டு பசங்க இருக்காங்க, ஜோ. புரிஞ்சுக்கங்க.”

போகும்போது கையெழுத்துக் கேட்டார். சோதனையின்போது தொலைக்காட்சி நன்றாக ஒத்துழைத்தது என்று அந்தத் தாளில் இருந்தது. கிழவருக்கு ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வாசிக்க வரும். வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

அன்று சாயங்காலமே ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு ஊர் மன்ற அலுவலகத்துக்கு நடந்து போனார். லூர்தெஸ் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

“லூர்து, பொய்யே போடு.”

“என்ன ஜோ?”

“கைப்பேசின்னு சொல்லு. கப்பல்னு வேணாலும் சொல்லு. எவன் பேர் சொன்னா உள்ள விடுவானோ அவன் பேரச் சொல்லு. என்னால முடியல.”

வியாழக்கிழமை லூர்தெஸ் வந்து தொலைக்காட்சியின் அமைப்புக்குள் புகுந்து வரியை மாற்றினாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

“இதுல அந்த ஆறு பேரும் இல்லையா?”

“இதுலயும் கிட்டத்தட்ட அவங்கதான். கைப்பேசின்னா எண்ண மாட்டாங்க.”

இரண்டு மணிக்குத் திரையில் பச்சை எழுத்து வந்தது. ‘உங்கள் கருவி தரம் உயர்ந்ததற்கு வாழ்த்துகள். பேசலாம். தோன்றலாம். அறுபது நிமிடங்கள்.’ கேமராவின் பக்கத்தில் சின்ன விளக்கு எரிந்தது. ஆறு மாதமாக எரியாத விளக்கு.

டோரீன் அவரைப் பார்த்தாள். உண்மையிலேயே பார்த்தாள்; அவர் இடது பக்கம் நகர்ந்தால் அவள் கண்ணும் நகர்ந்தது.

கிழவர் நாற்காலியைக் கேமராவுக்குக் கிட்டே இழுத்துப் போட்டார்.

“யாரு நீங்க?” என்றாள் டோரீன்.

“நான்தான். ஜோ.”

அவள் சேலாவைத் திரும்பிப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள். வெளியாட்களிடம் பேசும் மரியாதைக் குரல் வந்தது. “எந்த ஜோ?”

“உன் ஜோ. யோஸோ. டோரீன், நல்லாப் பாரு. கிழட்டு ஆடு. பாறைத் தலையன். நீ வெச்ச பேருதானே?”

“என் வீட்டுக்காரன் பேரும் யோஸோதான்,” என்றாள். “அவன் வரமாட்டான். அவன் செத்துட்டான்.”

“சாகல! வாராவாரம் வந்தேன்டி! நீ பேசினதெல்லாம் கேட்டேன். நீ பஸ் ஏறினது, க்ளெண்டாம்போ, ரொட்டி. எனக்கு அன்னிக்கே தெரியும் டோரீன், நான் கேக்கல...”

அவர் அழுதுகொண்டிருந்தார். அழுகிற கிழவனின் முகம் பெரிய திரையில் பார்க்க நன்றாக இருக்காது. டோரீன் நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள்.

“சேலா, இவர் ஏன் அழறாரு? இவருக்கு யாரையாவது கூப்பிடு. இங்க பாருங்க ஐயா, தப்பா நெனச்சுக்காதீங்க. இன்னிக்கு வியாழக்கெழம. என் டிவி வர்ற நேரம். நீங்க இந்த எடத்துல இருந்தா அது வெளியவே நிக்கும். பாவம், தூரத்துலேருந்து வருது.”

“இன்னும் அம்பத்தஞ்சு நிமிஷம் இருக்கு ஜோ,” என்று லூர்தெஸ் மெதுவாகச் சொன்னாள். “பேசுங்க. பேசப் பேச வரும்.”

கிழவர் பேசினார். முதல் தடவை பார்த்த இடத்தைச் சொன்னார். அவள் அப்போது போட்டிருந்த உடுப்பைச் சொன்னார். டோரீன் தலையாட்டிக் கேட்டாள், பஸ் நிறுத்தத்தில் மாட்டிக்கொண்டவள் கேட்பதைப் போல. கண் அடிக்கடி திரையின் ஓரத்துக்கு, கதவு இருக்கும் பக்கத்துக்குப் போயிற்று. கொஞ்ச நேரத்தில் அவள் அழத் தொடங்கினாள். “அது திரும்பிப் போயிருக்கும்,” என்றாள். “உங்களாலதான்.”

கிழவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார்.

“மன்னிச்சுக்கங்கம்மா,” என்றார். “ரூம் மாறி வந்துட்டேன்.” பிறகு லூர்தெஸைப் பார்க்காமல், “பழையபடி மாத்திடு,” என்றார்.

“ஜோ, ஆறு மாசம் இதுக்குத்தானே...”

“மாத்து.”

லூர்தெஸ் மாற்றினாள். திரை கறுத்து வெளுத்தது. சின்ன விளக்கு அணைந்தது. அடியில் சிவப்பு வரி ஓடியது: பார்க்க அனுமதி உண்டு.

டோரீன் அழுகையை நிறுத்தினாள். முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

“வந்துட்டியா செல்லம்! போயிட்டியோன்னு பயந்துட்டேன். உன் எடத்துல ஒருத்தர் வந்து உக்காந்துக்கிட்டாரு. வயசான மனுஷன். எவளோட புருஷனோ பாவம், அவள எங்க விட்டுட்டு இப்படித் தேடறாரோ. என்னென்னவோ சொன்னாரு. அழுதாரு. நான் இன்னும் கொஞ்சம் நல்ல வார்த்தையாப் பேசியிருக்கலாம்.” அவள் நல்ல கையால் மடியிலிருந்த துணியை நீவினாள். “வாசல்ல பாத்திருப்பியே நீ. அவர் யாருன்னு உனக்குத் தெரியுமா?”

சாம்பல் நிறப் பெட்டி பேசாது. அந்தப் பக்கம் எதுவும் கேட்காது என்று யோஸோவுக்குத் தெரியும். ஆனாலும் அவர் வாயைத் திறந்து, தெரியாது என்றுதான் சொன்னார்.